நாற்பது வலது கைகள்

எங்கள் பட்டறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்த உறுப்புதான் எங்கள் பெயர். "இடுப்பு இன்னைக்கு லீவு", "முழங்காலுக்குக் காய்ச்சலாம்", "முதுகெலும்பு இன்னும் வரலையா?" என்று காலையில் கையெழுத்துப் போடும் இடத்தில் பேசிக்கொள்வதை வெளியாள் யாராவது கேட்டால் இது ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வார். நாங்கள் செய்வது எலும்புக்கூடு. பள்ளிகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் போகிற பிளாஸ்டிக் எலும்புக்கூடு. நான் மண்டை. மண்டையில் அசைகிற மூட்டு தாடை ஒன்றுதான். தாடைக்கு ஸ்பிரிங் மாட்டுகிறவன் தன் வாயை மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறானே என்று ஆரம்பத்தில் எல்லாரும் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

என் மேசைக்கு எதிரே, ஜன்னலோரம், கையக்கா. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. நாற்காலியின் வலது கைப்பிடியில் அவர் முழங்கை ஊன்றி ஊன்றி ஒரு குழியே விழுந்திருக்கிறது.

ஒரு கைக்கு இருபத்தேழு எலும்பு. மணிக்கட்டில் கூழாங்கல் போல எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. பள்ளி ரகம் என்றால் கம்பியைக் கோத்து முறுக்கிவிட்டால் போதும். கல்லூரி ரகம் அப்படியில்லை. மனிதனுக்கு அசைகிற மாதிரி ஒவ்வொரு மூட்டும் அசைய வேண்டும். மனிதனுக்கு நிற்கிற இடத்தில் நிற்கவும் வேண்டும். அசைய வைப்பது யாருக்கும் வந்துவிடும். நிறுத்துவதுதான் வேலை. முழங்கை ஒரு கீல், கதவு போல ஒரே பக்கம்தான் மடங்கும். திருகைக் கொஞ்சம் தளர விட்டால் பின்பக்கமும் மடங்கிக்கொள்ளும். தோள், கிண்ணத்தில் உருளும் பந்து. எல்லாத் திசையிலும் போகும். ஆனால் கிண்ணம் ஆழமில்லாததால் சட்டென்று கழன்றும் கொள்ளும். இடுப்பிலும் பந்துதான், கிண்ணம் ஆழம்; அதனால் இடுப்பண்ணன் எங்களில் கவலை இல்லாத ஒரே மனிதர். கழுத்தில் ஒரு முளையைச் சுற்றி ஒரு வளையம் திரும்புகிறது. வேண்டாம் என்று நாம் தலையாட்டுவதெல்லாம் அந்த வளையத்தின் தயவு.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது கட்டைவிரலின் அடிமூட்டு. ஒரு சேணத்தின் மேல் இன்னொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்தது போல இரண்டு எலும்புகள் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு மூட்டு இருப்பதால்தான் கட்டைவிரல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போய், கடைசியில் மற்ற விரல்களைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. பித்தான் போடுவதும் பேனா பிடிப்பதும் சாவி திருப்புவதும் அந்தத் திரும்பலில்தான் இருக்கிறது. அதைச் சரியாகப் பூட்டத் தெரிந்தவர் பட்டறையில் கையக்கா ஒருவர்தான்.

மூட்டின் அசைவை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. பட்டறையைத் தொடங்கிய பழைய முதலாளி வைத்த பழக்கம் அது. "கருவி பொய் சொல்லும், உடம்பு சொல்லாது" என்பாராம். திருகாணியை முடுக்கியபடியே எலும்புக்கூட்டின் மூட்டையும் நம் மூட்டையும் ஒன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். நம்முடையது எங்கே நிற்கிறதோ அங்கே அதுவும் நிற்க வேண்டும். இடது கையை இடது கையால், வலது கையை வலது கையால். தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு மனுஷி எலும்புக் கைக்கு ஏதோ ஜாடை காட்டுவது போலவும் அது திருப்பிக் காட்டுவது போலவும் இருக்கும்.

எல்லாம் முடிந்து எலும்புக்கூடு எழுந்து நின்றதும் கடைசிப் பரிசோதனைக்காரர் வந்து அதனுடன் கைகுலுக்குவார். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் நான்கும் ஒரே குலுக்கலில் தெரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. "வணக்கம் சார், போய்ட்டு வாங்க" என்று சொல்லிப் பெட்டிக்குள் படுக்க வைப்பார். கைகுலுக்கக் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட வேண்டியதில்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கையக்காவின் வலது கட்டைவிரலில் முதலில் வந்தது ஒரு சத்தம். பேனா மூடியைக் கழற்றும்போது மணல் அரைபடுவது போல. பிறகு வலி. காலையில் கொஞ்சம், சாயங்காலம் நிறைய. வீட்டில் நடந்ததை எல்லாம் அவரே பின்னால் டீ வேளையில் சொன்னார். எனக்குத்தான் என்றில்லை, டீ கிளாஸிடம் சொல்வது போல.

அவர் வீட்டில் கணவரும் கணவரின் அக்காவும். அந்த நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஊருல இருக்கிற எலும்புக்கூட்டுக்கெல்லாம் கை செஞ்சு குடுக்கிற. ஒரு பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுற."

"கை ஈரமா இருக்கு அண்ணி."

"மூணு மாசமாவா அந்த ஈரம் காயல?"

கணவர் வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். காலையில் கிளம்பும் முன் வீட்டிலுள்ள எல்லா மூடிகளையும் அரைத் திருகு தளர்த்தி வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

கடைசியில் நாத்தனார்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"கை மாட்டறேன் சார்."

"யாருக்கு?"

"எலும்புக்கூட்டுக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நாத்தனாரைப் பார்த்தாராம். நாத்தனார், "நெஜந்தான் சார், தெளிவாத்தான் இருக்கா" என்றாராம்.

"சரி. இங்க ஒரு மூட்டு இருக்கும்மா. குதிரை மேல போடுற சேணம் பாத்திருக்கீங்களா…"

"ரெண்டு சேணம் சார். ஒண்ணு மேல ஒண்ணு, குறுக்க."

"ம். நடுவுல வழவழன்னு…"

"குருத்தெலும்பு. நாங்க ரப்பர் வாஷர் போடுவோம்."

"அந்த வாஷர் உங்களுக்குத் தேஞ்சு போச்சு."

"மாத்த முடியாதா சார்?"

"உங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி பெட்டியா வருது. எனக்கு யாரு அனுப்பறா?" என்றவர் பிறகு கொஞ்சம் மெதுவாக, உயிருள்ள மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு, அதற்குள் முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கும், எலும்பை எலும்போடு நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும், எத்தனை வருடம் திருகினாலும் தேயாமல் பார்த்துக்கொள்வது இவைதான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு என்று விளக்கியிருக்கிறார். விரல் அசையாமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். ஓய்வு என்று எழுதினார். "இடது கையும் கொஞ்ச நாள்ல பின்னாலேயே வரலாம், பாத்துக்கங்க" என்றார்.

பட்டையைக் கையக்கா பட்டறைக்குள் ஒரு நாளும் போடவில்லை. அதற்குக் காரணம் தோள்பட்டை மாமா. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய தோள் இறுகிப்போனது. கையை மேலே தூக்க முடியவில்லை என்று மேலாளரிடம் நேர்மையாகப் போய்ச் சொன்னார். மறுநாளே அவரை அச்சுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். சூடான அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே எலும்புகளைப் பிரித்தெடுக்கிற வேலை. இரண்டு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டார். மேலாளர் கெட்டவர் இல்லை. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அவரிடம் இருப்பது பதினொரு நாற்காலிதான். கையக்காவுக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருந்தது. அந்த ஆறையும் உட்கார்ந்தே ஓட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அப்போது வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து நான்கு பெட்டிகள் திரும்பி வந்தன. உள்ளே நாற்பது வலது கைகள், முன்கையோடு கழற்றியவை. கூடவே ஒரு கடிதம். மேலாளர் எல்லாரையும் நிறுத்திவைத்துப் படித்தார். நாற்பது எலும்புக்கூட்டிலும் வலது கட்டைவிரல் மோதிரவிரல் பக்கம் வரைதான் வருகிறது, சுண்டுவிரலைத் தொடவில்லை. இடது கையில் இந்தக் குறை இல்லை. மாணவர்களுக்கு எதைச் சரி என்று சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தார்கள்.

கைகளை நீள மேசையில் வரிசையாக, உள்ளங்கை மேலே தெரிய வைத்தார்கள். நாற்பது பேர் ஒரே சமயத்தில் எதையோ கேட்டு நீட்டியது போல இருந்தது. கைகுலுக்கும் அண்ணன் அவற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"ரெண்டு கையில ஒரு கைதான் கெட்டிருக்கு" என்றார் மேலாளர். "அப்ப இது துளையிலதான். வலது கை எலும்பை வெச்சுத் துளை போடுற சட்டம் தனி. அதை மாத்தினது யாரு?"

துளை போடுகிற பெண் ஆறு மாதத்துக்கு முன்தான் சேர்ந்தவள். அவளைத் துளை என்றே கூப்பிட்டோம்; அவளும் கோபிக்கவில்லை. இப்போது கோபப்பட்டாள்.

"நீங்க மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். புதுச் சட்டம் வந்து மூணு மாசம் ஆச்சு சார்."

"இந்தக் கையெல்லாம் அதுக்கப்புறம், போன மாசம் போனதுதான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? துளை ஓரமாப் போயிருந்தா அளந்து பாருங்க."

"பாக்கத்தான் போறேன். சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும். துளைதான்னு தெரிஞ்சா நாளைக்கு நீ வர வேண்டாம்."

அவள் தன் இயந்திரத்தின் பக்கம் போய் நின்றாள். அதை ஓட்டவில்லை. தூசு தட்டுவது போல ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கையக்கா நாற்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தார். அவர் மனதில் அப்போது சந்தேகம் எதுவும் இல்லை. கழற்றிப் பார்த்தால் துளை சரியா, தப்பா என்று தெரிந்துவிடும், பாவம் அந்தப் பொண்ணு என்றுதான் எடுத்தார். கழற்றும் முன், பழக்கத்தில், எலும்புக் கட்டைவிரலையும் தன் கட்டைவிரலையும் சேர்த்து நகர்த்தினார். ஆள்காட்டி விரலைத் தொட்டது. நடுவிரலைத் தொட்டது. மோதிரவிரலின் பக்கம் போனதும் எலும்பு நின்றது. அவருடையதும் நின்றது. அதே இடம், ஒரு மயிரிழை கூட முன்பின் இல்லை.

இன்னொன்றை எடுத்து வந்தார். மூன்றாவதையும். பிறகு மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரே நாளில் விரல் நின்றுபோயிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அது துளித் துளியாகக் குறைந்தது. அவரும் துளித் துளியாகத் திருகை முடுக்கியிருக்கிறார். உடம்பு பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில், தன் உடம்பு சொன்னதை அப்படியே நாற்பது பேருக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

தலையைத் தூக்கியபோது நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். நான் குனிந்து, கையிலிருந்த தாடையில் இல்லாத பிசிறைத் தேய்த்தேன்.

டீ வேளையில் என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"மண்டை, எனக்குக் கை வலிக்குதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசம் இருக்கும் அக்கா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"தாடையைத் தொறந்து கேக்கணும்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்குதுன்னு தெரியும். வலி அதுக்குள்ள போய் உக்காரும்னுதான் தெரியாமப் போச்சு" என்றார்.

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசாம இருந்திடலாமான்னு இருக்கு. இனிமே கண்ணால பாத்தே போட்டுக்கலாம். சுண்டுவிரல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அவ போயிடுவா. சின்ன வயசு, வேற எங்கயாவது கெடைக்கும். எனக்குக் கெடைக்காது." கிளாஸை இடது கைக்கு மாற்றினார். "ஆறு வருஷம் அந்தக் கொட்டகையில என்னால நிக்க முடியாது, தம்பி. முடியாதுன்னா முடியாது."

அவர் முதல் தடவையாக என்னைத் தம்பி என்றார். அவர் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, தன் நாற்காலிக்குப் போனார். ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் மேலாளர் இரண்டு தடவை வந்து துளைச் சட்டத்தை அளந்துவிட்டுப் போனார். இரண்டு தடவையும் அளவு வேறு வேறாக வந்தது. மூன்றாவது தடவை அளக்காமலே துளையின் மேல் பழியைப் போடப் போகிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. துளை தன் பையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டாள். கையக்கா அந்தப் பையைப் பார்த்தார். பிறகு எழுந்து மேலாளர் அறைக்குள் போனார்.

அறைக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒட்டுப்பலகைத் தடுப்புதான். பட்டறையில் அப்போது ஒரு திருகாணி கூட விழவில்லை.

"சார், துளையில தப்பு இல்ல."

"பின்ன எதுல?"

"என் கையில."

"உங்க மேசையிலன்னு சொல்லுங்க."

"இல்ல சார். கையில."

கதவு பாதி திறந்திருந்தது. அவர் வலது கையை விரித்துக் காட்டுவதும், மேலாளர் ஒரு எலும்புக் கையை எடுத்து அதன் பக்கத்தில் வைப்பதும் தெரிந்தது. ஒரு விரல், இரண்டு விரல். இரண்டும் ஒன்றாக நின்றன. மேலாளர் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் நின்றன. ஏதோ வித்தை பார்த்தவர் போல அவர் வாய் கொஞ்சம் திறந்து, உடனே மூடிக்கொண்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசம் இருக்கும்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"தோள்பட்டை மாமா முன்னாடியே சொன்னாரே சார்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் அறைக்குள் நடந்தார்.

"இந்த நாற்பதையும் முதல்ல சரி பண்ணுங்க. ஆனா உங்க கையை வெச்சு எப்படிப் பாப்பீங்க?"

"அந்தப் பொண்ணு கையைக் கேக்கறேன்."

"சரி. அப்படியே அவளைப் பழக்கிடுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து வலது கை அவ, இடது கை நீங்க. மேசையில ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

"இடதும் போயிட்டா?"

"அப்பப் பாத்துக்கலாம்."

"அச்சுக் கொட்டகை."

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்லல சார். நான்தான் சொல்றேன்."

வெளியே வந்தபோது அவர் முகத்தில் நிம்மதி என்று எதுவும் இல்லை. மூட்டை ஒன்றை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிய ஆள் போல இருந்தார். அரை நாற்காலி தப்பியது, அவ்வளவுதான். நேராகத் துளையிடம் போனார்.

"வா. எதிர்ல உக்காரு."

"நாலு மணி நேரம் எனக்கு உசுரே இல்ல அக்கா" என்றாள் அவள்.

"தெரியும். வலது கையை நீட்டு."

"மன்னிப்புக்கூடக் கேக்க மாட்டீங்களா?"

"உள்ள போய்க் கேட்டுட்டுத்தான் வரேன். கேட்டுச்சுல்ல? நீட்டு."

அவள் சிறிது நேரம் நீட்டாமல் நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல் நிமிர்ந்து, விலகி, திரும்பி, மூன்று விரல்களைக் கடந்து சுண்டுவிரல் நுனியில் போய்ச் சாதாரணமாக உட்கார்ந்தது. கையக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை. மெதுவா. எங்க திரும்புதுன்னு நான் பாக்கணும்."

திருப்புளியை இடது கையில் பிடித்தார். வழக்கமில்லாத கை, முதல் கைக்கே கால் மணி நேரம் பிடித்தது. திருகு நழுவித் தரையில் ஓடியது, நான் போய் எடுத்துக் கொடுத்தேன். எலும்பு நகர்ந்தது, துளையின் விரல் நகர்ந்தது, இரண்டும் சுண்டுவிரலில் சேர்ந்தன. ஒன்று முடிந்தது. மீதி முப்பத்தொன்பது.

பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. ஐந்தாவது கையில், "இதுக்குள்ள எத்தனை எலும்பு அக்கா?" என்று துளை கேட்டாள். பன்னிரண்டாவது கையில், "என் மாமியார் இப்படித்தான், சாவியைத் திருப்பவே மாட்டாங்க, நான் திமிருன்னு நெனச்சேன்" என்றாள். இருபதாவது கைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஒருத்தி விரலை மடக்க, இன்னொருத்தி திருக, வியாழன், வெள்ளி என்று அப்படியே போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பதாவது கையை முடித்து முப்பதாவதை எடுத்தபோது கையக்கா திருகுவதை நிறுத்தினார். துளையின் கட்டைவிரல் மோதிரவிரலைத் தாண்டியதும் கொஞ்சம் தயங்கியது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வலிக்குது. ரெண்டரை நாளா இதே ஆட்டம் ஆட்டினா?"

"அப்ப வை கையை." கையக்கா திருப்புளியைக் கீழே போட்டார். "இனிமே போட்டா உன் அலுப்பு உள்ள ஏறிடும். அப்புறம் இதுவும் திரும்பி வரும்."

"மீதி பதினொண்ணு?"

"நாளைக்கு. நல்லாத் தூங்கின கையைக் கொண்டு வா."

பதினொரு கைகளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். விளக்கை அணைக்க வந்த மேலாளர் அவர்களைப் பார்த்துவிட்டு, அணைக்காமலே திரும்பிப் போனார். இருவரும் உள்ளங்கை மேலே தெரியக் கைகளை மடியில் வைத்தபடி, எழுந்திருக்க மனமில்லாமல், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.